முதல் கார் வாங்கும் சென்னைவாசிக்கு ஒரு செலவுக் கணக்கு

ஷோரூமில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இரண்டு எண்களைச் சொல்வார்கள்: காரின் விலை, மாதத் தவணை. தவணையைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியதும் பலர் அங்கேயே புக் பண்ணிவிடுகிறார்கள். ஆனால் தவணை என்பது கார் மாதாமாதம் கேட்கும் பணத்தில் ஏறக்குறைய பாதிதான். மீதி பெட்ரோல் பங்க், இன்சூரன்ஸ், டயர் கடை, பார்க்கிங் என்று சில்லறையாகப் போவதால் கண்ணில் படுவதில்லை. அதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. கணக்கு முழுவதற்கும் ஒரே காரை எடுத்துக்கொள்வோம்: எக்ஸ்-ஷோரூம் விலை 8 லட்சம், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஹேட்ச்பேக். உங்கள் காரின் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஆன்-ரோடு விலை

பதிவு, லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் சேராத விலை எக்ஸ்-ஷோரூம்; அவை எல்லாம் சேர்த்துக் கடைசியில் நீங்கள் கட்டுவது ஆன்-ரோடு. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் ஜி.எஸ்.டி. அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம்; அதைத் தாண்டும் பெரிய கார்களுக்கு 40. இது ஷோரூம் சொல்லும் விலையிலேயே இருப்பதால் நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது, பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் தமிழக அரசின் லைஃப் டாக்ஸ் பற்றி. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல அடுக்கடுக்காகக் கணக்கிடுவதில்லை. எந்த வரம்பில் விழுகிறதோ அந்த விகிதம் முழு விலைக்கும் பொருந்தும். 9.95 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,29,350. அதே காரின் அடுத்த வேரியன்ட் 10.05 லட்சம் என்றால் வரி 1,80,900. விலையில் பத்தாயிரம் கூடியதற்கு வரியில் 51,550 கூடுகிறது. போதாக்குறைக்கு, 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். அந்த டி.சி.எஸ். தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மறக்காதீர்கள். வேரியன்ட் தேர்வு 10 லட்சத்தின் ஓரத்தில் நிற்கிறது என்றால், சன்ரூஃப் ஆசைக்கு எவ்வளவு வரி கட்டுகிறோம் என்று ஒருமுறை கால்குலேட்டரைத் தட்டிவிட்டு முடிவெடுங்கள்.

நம் 8 லட்ச ரூபாய் காருக்கு: லைஃப் டாக்ஸ் 1,04,000. பதிவுக் கட்டணம் 600, கடன் பதிவுக்கு 1,500, ஸ்மார்ட் கார்டு ஆர்.சி.க்கு (பதிவுச் சான்று) 200. முதல் வருட இன்சூரன்ஸ் சுமார் 38,000. ஃபாஸ்டாக் உள்ளிட்ட சில்லறை 700. மொத்தம் 9,45,000. ஷோரூம் விலைக்கு மேல் ஒன்றரை லட்சம் வரை கூடும் என்ற எதிர்பார்ப்போடு போவது நல்லது.

2. கொட்டேஷனை வரி வரியாகப் படிப்பது

வாய்வார்த்தை வேண்டாம்; பிரேக்-அப் போட்ட கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். மேலே சொன்ன தொகைகள் எல்லாம் அரசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போவது. அவை தவிர வேறு எது இருந்தாலும் அது பேரம் பேசக்கூடியது.

‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று ஐந்தாயிரம், பத்தாயிரம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ‘இது எந்த அரசு ரசீதில் வரும்?’ என்று கேட்டாலே பெரும்பாலும் அந்தத் தொகை காணாமல் போய்விடும். டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், ஆக்சஸரீஸ் கிட் எதுவும் கட்டாயமில்லை. ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மாலை நடந்தால் போதும், பாதி விலைக்குக்கூடப் படியும். ஆனால் வயரை வெட்டிப் போடும் விளக்கு, ஹாரன், ஸ்டீரியோ மட்டும் வெளியே வேண்டாம். எலெக்ட்ரிகல் வாரண்டியை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொண்டு பேசினால் டீலரே இறங்கி வருவார். ஒப்பிடும்போது இரண்டிலும் ஐ.டி.வி.யும் (கார் முழுசாகப் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) ஆட்-ஆன்களும் (கூடுதல் பாதுகாப்புகள்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியம் மலிவாகத் தெரிய ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை.

ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, யார்டில் காரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சேசிஸ் எண் இன்வாய்ஸோடு பொருந்துகிறதா, தயாரிப்பு மாதம் என்ன, டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் என்ன சொல்கிறது என்று சரிபாருங்கள். 3625 என்றால் 2025-ஆம் ஆண்டின் 36-வது வாரம். ஐந்து டயரையும் பாருங்கள், ஸ்டெப்னி உட்பட. ஜனவரியில் வாங்கும்போது போன வருடத் தயாரிப்பைக் கொடுத்தால் தள்ளுபடி கேளுங்கள். விற்கும்போது அந்த ஒரு வருடத்தை வாங்குபவர் விடாமல் கழிப்பார். பதிவு முடிந்த பிறகு கண்டுபிடித்து ஒன்றும் ஆகாது.

3. கடன்

முன்பணம் 3,45,000 போட்டு 6 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதத் தவணை 12,455. மொத்த வட்டி 1,47,301. இதையே 7 வருடமாக நீட்டினால் தவணை 9,653-ஆக இறங்கும், வட்டியோ 2,10,900-ஐத் தொடும். மாதம் 2,800 மிச்சம் என்று தெரிவதற்கு 63,600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதைவிடக் கெடுதல், ஆறாவது வருடம் பேட்டரியும் டயரும் கிளட்சும் செலவு வைக்கும் நேரத்தில் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். 5 வருடத்துக்குள் அடைக்க முடியாத கார் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலான கார்.

‘வெறும் 7 சதவீதம்தான் சார்’ என்று யாராவது சொன்னால், ஃப்ளாட்டா, ரெடியூசிங்கா என்று கேளுங்கள். ஃப்ளாட் வட்டியில் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும்; ரெடியூசிங்கில் மீதி இருக்கும் கடனுக்கு மட்டும். 6 லட்சத்துக்கு 7 சதவீத ஃப்ளாட் என்றால் தவணை 13,500. இது ரெடியூசிங் முறையில் 12.5 சதவீதத்துக்குச் சமம். அதாவது மேலே சொன்ன 9 சதவீதக் கடனைவிட மாதம் ஆயிரத்துக்கும் மேல் அதிகம். புராசஸிங் கட்டணமும் முன்கூட்டியே அடைத்தால் பிடிக்கும் தொகையும் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நிலையான வட்டிக் கார் கடன்களில் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் இருப்பது சகஜம்.

முன்பணத்துக்குச் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுக்கிறவர்கள் நம்மில் அதிகம். தவறில்லை. ஆனால் மீதி மாதங்களுக்குக் கட்டும் சீட்டுப் பணமும் கடன்தான். அதையும் காரின் மாதச் செலவில் எழுதுங்கள். நகையை வைத்து எடுத்தாலும் அப்படியே. ஆறு மாத வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

4. மாதக் கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றும் வைத்து, 5 வருடச் செலவை 60-ஆல் வகுத்தால்:

பெட்ரோல், சிட்டி மைலேஜ் 14: 7,214
இன்சூரன்ஸ், நான்கு முறை புதுப்பிக்க மொத்தம் 84,000: 1,400
சர்வீஸ், வருடத்துக்குச் சராசரி 10,000: 830
ஒரு செட் டயர், ஒரு பேட்டரி, சேர்த்து 24,700: 412
பார்க்கிங், கார் துடைப்பவர் சம்பளம், டோல்: 1,500

ஓட்டும் செலவு மட்டும் 11,356. தவணையைச் சேர்த்தால் 23,811. இந்தத் தொகை, கைக்கு வரும் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கணிப்பு. அப்படியானால் 95,000 ரூபாயாவது மாதம் கைக்கு வர வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதிகமுள்ள வீடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு.

மைலேஜை கம்பெனி விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். லிட்டருக்கு 20-க்கு மேல் என்று விளம்பரத்தில் வரும் கார், காலை ஒன்பது மணிக்குக் கத்திப்பாராவிலும் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளிலும் ஏசி போட்டு ஊர்ந்தால் 12, 14தான் தரும். கார் கைக்கு வந்த பிறகு நீங்களே அளக்கலாம்: ஆட்டோ கட் ஆகும் வரை டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள், 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதே நிஜ மைலேஜ்.

தவணைக் கணக்கில் தெரியாத இன்னொன்று தேய்மானம். 9,45,000 கொடுத்து எடுத்த காரை 5 வருடம் கழித்து 4,25,000-க்கு விற்றால் 5,20,000 போய்விட்டது, மாதத்துக்கு 8,667. அதோடு கடன் வட்டி மாதம் 2,455, ஓட்டும் செலவு 11,356 சேர்த்தால் 22,478. கிலோமீட்டருக்கு 22 ரூபாய் 50 காசு. மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் பெட்ரோல் குறையுமே தவிர, தேய்மானமும் வட்டியும் இன்சூரன்ஸும் அசையாது. கிலோமீட்டருக்கு 45 ரூபாய் ஆகிவிடும். உங்கள் வழக்கமான பயணங்களுக்குக் கால் டாக்சி ஆப் என்ன கேட்கிறது என்று பார்த்து இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆபீசுக்கு மட்டும்தான் என்றால் எம்.டி.சி.யில் 1,000 ரூபாய் மாத பாஸ், ஏசி பஸ்ஸையும் சேர்த்து 2,000 ரூபாய் பாஸ் இருக்கிறது. கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதான பெற்றோர், கைக்குழந்தை, இரவு ஷிப்ட் என்று காருக்கு வேறு நியாயங்கள் உண்டு. ‘வண்டி இருந்தா செலவு மிச்சம்’ என்ற காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள், ஏனென்றால் மிச்சம் ஆகாது.

புக் பண்ணுவதற்கு முன் மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 23,800-ஐ வேறு கணக்குக்கு மாற்றி, தொடாமல் இருங்கள். இருபதாம் தேதிக்கு மேல் அதில் கை வைக்க வேண்டி வந்தால், சின்ன கார் அல்லது பழைய கார் பார்க்கலாம். தாக்குப்பிடித்தால் முன்பணத்தில் 71,400 கூடிவிடும். கார் வந்த பிறகும் அந்தக் கணக்கை மூடாதீர்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கான மாத ஒதுக்கீடு 2,642. மாதம் 2,700-ஐ அதில் போட்டுவந்தால், மொத்தமாக 20,000 கேட்கும் மாதத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது.

5. இன்சூரன்ஸும் மழையும்

சென்னையில் கார் வைத்திருப்பவர் அதிகம் இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

உங்கள் காரால் மற்றவர்களுக்கு உண்டாகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, மூன்று வருடத்துக்கும் சேர்த்து 1,000 சி.சி. வரை 6,521, 1,000 முதல் 1,500 சி.சி. வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜி.எஸ்.டி. தனி. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது உங்கள் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி. பேரமும் அங்கேதான்.

ஆட்-ஆன்களில் முதல் ஐந்து வருடத்துக்கு எடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்லப்படும் ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் கிடைக்கும். இன்றைய கார்களில் பம்பர், ஃபென்டர் லைனர், கண்ணாடிக் கூடு எல்லாமே பிளாஸ்டிக்.

இரண்டாவது இன்ஜின் ப்ரொடெக்ட். வெள்ளச் சேதம் சாதாரண ஓன் டேமேஜ் பாலிசியிலேயே அடக்கம்தான். சீட், கார்ப்பெட், வயரிங் எல்லாம் வரும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் உண்டாகும் சேதத்துக்கு ‘பின்விளைவு’ என்று சொல்லிக் கையை விரிப்பார்கள். நடப்பது இதுதான்: காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைகிறது. சில சமயம் இன்ஜின் பிளாக்கே உடைகிறது. அதற்குப் பிறகு வரும் பில் லட்சங்களில்தான்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பட்ட அனுபவத்தில்தான், கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு, அல்லது எங்கேயானாலும் பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால், அக்டோபருக்குள் உங்களுக்கான மேடான இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

தண்ணீரில் மாட்டிவிட்டால்: ஓடும்போது நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். நிறுத்திய இடத்தில் மூழ்கியிருந்தால் இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள், ரிமோட்டில் திறக்க வேண்டாம், சாவியால் திறங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிய பிறகே டோ வண்டி. சர்வேயர் பார்ப்பதற்கு முன் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பிரித்துவிட்டால் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும்; என்.சி.பி. என்பது அதுதான். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000, உங்கள் என்.சி.பி. 45 சதவீதம் என்றால் வருடத்துக்கு 4,500 மிச்சமாகிறது. 5,000 ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளெய்ம் போட்டால், கட்டாயக் கழிவு 1,000 போக 4,000 கிடைக்கும். அடுத்த புதுப்பிப்பிலேயே அதைவிட அதிகம் போய்விடும், அதற்கடுத்த வருடங்களிலும் போகும். பாலிசி காலாவதியாகி 90 நாளைத் தாண்டினாலும் என்.சி.பி. போச்சு. அது காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்கும்போது கம்பெனியிடம் சான்று வாங்கி அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.

6. பராமரிப்பு

‘ஃப்ரீ சர்வீஸ்’ என்றால் லேபர் ஃப்ரீ. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும். பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர். ஆயில் மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கும். பில்லில் ஐந்து என்று இருந்தால் கேளுங்கள். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பது காரோடு வந்த மேனுவலில் அட்டவணையாகவே இருக்கும். அதைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொண்டு சர்வீஸ் அட்வைசரிடம் பேசுங்கள். டிகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் ஆகியவை அட்டவணையில் இருக்காது, பில்லில் இருக்கும். நான்கையும் வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொன்னால் இரண்டு, மூன்றாயிரம் மிச்சம்.

நம் ஊர் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருடம்தான். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தால் நாள் நெருங்கிவிட்டது; நடுரோட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள்.

டயர் 40,000 கிலோமீட்டர் வரும், காற்றைச் சரியாக வைத்தால். அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஹேட்ச்பேக்குக்குப் பெரும்பாலும் 30 முதல் 33 பி.எஸ்.ஐ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன், ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பாருங்கள். டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும். மழைக்காலத்துக்கு அது போதாது.

டிராஃபிக்கில் கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டுவதுதான் கிளட்ச் பிளேட்டைத் தின்கிறது. மேம்பால ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் காரை நிறுத்திப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக் போட்டுப் பழகுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு அடிப்பகுதியை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம். எலிக்கு புகையிலையைத் துணியில் கட்டி இன்ஜின் பக்கம் வைப்பார்கள். அது வேலை செய்வதைவிட, தினமும் வண்டியை எடுப்பதும் அபார்ட்மென்ட் குப்பைத் தொட்டியிலிருந்து தள்ளி நிறுத்துவதும் நன்றாக வேலை செய்யும்.

அடிக்கடி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டாக் வருடாந்திர பாஸ் லாபம். 200 பயணம் அல்லது ஒரு வருடம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும். பரனூரில் செல்லும், ஈ.சி.ஆரில் செல்லாது. புகைச் சான்றிதழ் முதல் வருடம் தேவையில்லை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை.

7. பழைய கார் என்றால்

தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் ஓனர் சுமந்துவிட்டதால் மூன்று, நான்கு வருடக் கார் புத்திசாலித்தனமான தேர்வுதான். ஆனால் சென்னையில் வெள்ளக் கார் அகப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டை முன்னால் தள்ளி ரெயிலில் துரு பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கை விட்டால் மண் ஒட்டும். ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஈர நாற்றத்தை எந்த சென்ட்டும் மறைக்காது.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பதிவு, இன்சூரன்ஸ் தேதி, நிலுவை அபராதம் மூன்றையும் பாருங்கள். படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்திட்டு, விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பெயர் மாற்றத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புரோக்கர் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லும் வேலை இதுதான். பெயர் மாறும் வரை ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வையுங்கள்.

8. கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்ததும் வேலை முடியவில்லை. வங்கியிடம் என்.ஓ.சி.யும் (கடன் பாக்கியில்லை, ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் கேட்டு வாங்குங்கள். என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள், அதற்குள் பரிவாகனில் ஹெச்.பி. கேன்சலுக்கு (கடன் பதிவை நீக்க) விண்ணப்பித்து, வங்கியின் பெயர் இல்லாத புது ஆர்.சி.யை வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் வங்கியின் பெயரை நீக்கச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள். இல்லாவிட்டால், கார் முழுசாகப் போய்விட்ட கிளெய்மில் காசோலை வங்கியின் பெயருக்குப் போய்ச் சேரும்.